பொம்மைக்கு மூச்சு நின்றால் அறையின் குறை தெரியும்

எங்கள் மருத்துவமனை காவிரி டெல்டாவில், நாலாபக்கமும் வயல் சூழ்ந்த ஊரில் இருக்கிறது. எமர்ஜென்சிக்கு வருகிறவர்களில் பைக் விபத்து, நெஞ்சுவலி போக, பாம்புக்கடியும் பூச்சி மருந்து கேஸும் நிறைய. நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். சில வருடங்களாக சிமுலேஷன் பயிற்சி, அதாவது பொம்மையை நோயாளியாக வைத்து அவசர சிகிச்சையைப் பழகும் பயிற்சி, நடத்தும் சின்னக் குழுவிலும் இருக்கிறேன். சிமுலேஷன் என்றதும் பெரிய கல்லூரிகளில் இருக்கும், கண் சிமிட்டி நாடி துடிக்கும் விலையுயர்ந்த பொம்மையை நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் இருப்பது இடுப்புக்கு மேலே மட்டும் உள்ள சி.பி.ஆர். (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது) பொம்மை ஒன்று, மானிட்டர் மாதிரி எண்களைக் காட்டும் பழைய டேப்லெட் ஒன்று, அப்புறம் ஒரு நீள நோட்டு. கால் வேண்டுமென்றால் தலையணையைச் சுருட்டி வைத்துப் போர்வையைப் போர்த்திவிடுவோம்.

பக்கத்து ஊர் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் தோழிகள் "எப்படி ஆரம்பிச்சீங்க, எவ்வளவு செலவாச்சு" என்று அடிக்கடி கேட்கிறார்கள். செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. கஷ்டமாக இருந்தது வேறு. எமர்ஜென்சியில் ஏதாவது தப்பு நடந்தால் உடனே ஆளைப் பிடிப்பதுதான் எங்கும் வழக்கம். ஒரு மெமோ, ஒரு விளக்கக் கடிதம், "இனி அனைவரும் கவனமாகப் பணியாற்றவும்" என்று நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம். அந்த ஆள் நின்ற இடம், கைக்கு எட்டிய மருந்து, காதில் விழுந்த இரைச்சல், வாய் வரை வந்த பேச்சை விழுங்க வைத்த தயக்கம், இவற்றை யாரும் விசாரிப்பதில்லை. கவனமே இல்லாமல் வேலை பார்க்கும் நர்ஸை நான் இன்னும் பார்க்கவில்லை. நைட் டியூட்டியில் மூன்று மணிக்கு, இரண்டு ஆம்புலன்ஸ் ஒன்றாக வந்து நிற்கும்போது, கவனத்தை இரண்டாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்ற துறை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. மனிதர்களுக்கு மறதியும் களைப்பும் பயமும் இருக்கும் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்து, அதற்கேற்ப அறையையும் சாமான்களையும் பேச்சு முறையையும் அமைத்துக்கொள்வது.

ஆரம்ப காலப் பயிற்சி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பொம்மைக்கு மருந்து போட்டதும் டாக்டர், "பத்து எம்.எல். ஃப்ளஷ் கொடுங்க சிஸ்டர்" என்றார். குழாயில் தங்கிய மருந்தை உப்புநீர் ஏற்றி உள்ளே தள்ளுவதுதான் ஃப்ளஷ். எங்களில் கைவேகம் அதிகமுள்ள சிஸ்டர்தான் டிராலியில் நின்றார். இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் ஆம்பூலின் (சின்ன மருந்துக் குப்பி) கழுத்தைத் திருகி, சிரிஞ்சில் ஏற்றி, பொம்மையின் கையில் ஒட்டியிருந்த குழாயில் தள்ளிவிட்டார். எல்லாம் சில வினாடிகள். முடிந்த பிறகு காலி ஆம்பூல்களை எடுத்து அடுக்கும்போதுதான் பார்த்தோம், அது பொட்டாசியம் குளோரைடு. நீர்க்காமல் வேகமாக நரம்பில் ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடும் மருந்து. ஃப்ளஷுக்கு எடுக்கும் பத்து எம்.எல். ஆம்பூலும் அதுவும் ஒரே உயரம், ஒரே மாதிரி பிளாஸ்டிக், ஒரே மாதிரி திருகும் கழுத்து. எங்கள் டிராலியில் இரண்டும் அடுத்தடுத்த கட்டத்தில் இருந்தன.

அந்த சிஸ்டர் முகம் வெளுத்துப் போனார். எங்கள் சீஃப் அன்று செய்த நல்ல காரியம், அவரிடம் ஒன்றும் கேட்காமல் இழுப்பறையை உருவி மேசைமேல் வைத்ததுதான். "இதை இப்படி அடுக்கி வெச்சா நானும் அதைத்தான் எடுப்பேன்" என்றார். அடர்த்தியான பொட்டாசியத்தைப் பொது வார்டு ஸ்டாக்கிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. எங்கள் டிராலிக்கு அந்தச் செய்தி வந்து சேர ஒரு பொம்மை தேவைப்பட்டது. அன்று மாலையே பொட்டாசியம் பூட்டுள்ள தனிப் பெட்டிக்குப் போனது. சாவி ஷிஃப்ட் இன்சார்ஜிடம். எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இதனால்தான் பயிற்சியை கிளாஸ் ரூமில் நடத்தாமல் எமர்ஜென்சியிலேயே நடத்துகிறோம். கிளாஸ் ரூமில் மேசைமேல் மருந்தைப் பரப்பி வைத்து சொல்லிக்கொடுத்தால் எல்லாரும் நூற்றுக்கு நூறு. சொந்த அறையில், சொந்த டிராலியோடு, தலைக்குமேல் கடகடக்கும் ஃபேனோடு செய்யும்போதுதான் பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னால் கை நுழையாத இடத்தில் இருப்பது தெரிகிறது. சளி உறிஞ்சும் சக்ஷன் குழாய் தலைமாடுவரை எட்டவில்லை, ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி வேறு ஷிஃப்ட்காரரின் பாக்கெட்டில் போய்விட்டது, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரி தீர்ந்திருக்கிறது. இதெல்லாம் நோயாளி வந்த பிறகு தெரிந்தால் வம்பு.

பொம்மையைப் பற்றி ஒரு சின்னச் சேதி. உலகம் முழுக்க சி.பி.ஆர். கற்றுக்கொடுக்கப் பயன்படும் ரெசஸி ஆன் பொம்மையை 1960-இல் செய்தவர் நார்வேக்காரரான ஆஸ்மண்ட் லேர்டால். அவர் மருத்துவக் கருவி செய்கிறவர் இல்லை, குழந்தைகளுக்கு பிளாஸ்டிக் பொம்மை செய்தவர். சிமுலேஷனுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று யாராவது தயங்கினால் இதைச் சொல்வேன்.

சரி, ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாமான்களை மாற்றுவது சுலபம். ஆட்கள் ஒருவரோடொருவர் பேசுவதை மாற்றுவதுதான் பெரும்பாடு.

இந்தப் பாடத்தை மருத்துவம் விமானிகளிடமிருந்து வாங்கிக்கொண்டது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் இறங்கவிருந்த யுனைடெட் 173 விமானத்தில், சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று சந்தேகம். கேப்டன் அந்தச் சந்தேகத்திலேயே மூழ்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானத்தில் வட்டமடித்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டு வருவது காக்பிட்டில் கூட இருந்தவர்களுக்குத் தெரியும். சொல்லவும் செய்தார்கள். ஆனால் அவர் மனதில் ஏறும்படி அழுத்திச் சொல்லவில்லை. எஞ்சின்கள் நின்று, விமானம் ஊரோரத்தில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த வருடம் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து விமானிகளுக்கான குழுப் பயிற்சி உருவானது. கேப்டனுக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பதும், மற்றவர்களுக்குச் சொல்லக் கற்றுக்கொடுப்பதும் அதன் சாரம்.

மருத்துவத்தில் இதைப் பேசும்போது எல்லாரும் எடுத்துச் சொல்லும் கேஸ் எலைன் பிரோமிலி. இங்கிலாந்தில் 2005 மார்ச்சில் சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சைக்காக வந்த 37 வயதுப் பெண். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. மாஸ்க்கிலும் காற்று போகவில்லை, மூச்சுக்குழாய்க்குள் விடும் ட்யூபும் போகவில்லை. அனுபவமுள்ள மூத்த டாக்டர்கள் கூடி நின்று திரும்பத் திரும்ப ட்யூப் போடவே முயன்றார்கள். ஆக்சிஜன் அளவு ஆபத்தான மட்டத்துக்குக் கீழே வெகுநேரம் கிடந்தது. ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் செட்டைக் கொண்டுவந்து, "ரெடி" என்று சொன்னார். யாரும் எடுக்கவில்லை. இன்னொரு நர்ஸ் ஐ.சி.யூ.வில் படுக்கை கேட்டுவிட்டு வந்து சொன்னார். எதற்கு இவ்வளவு பதற்றம் என்பதுபோல் டாக்டர்கள் பார்த்ததும் அந்தப் படுக்கையை வேண்டாமென்று சொல்லிவிட்டார். எலைன் 13 நாள் கழித்து இறந்துபோனார். அவர் கணவர் மார்ட்டின் பிரோமிலி விமானி. தன் துறையில் இருக்கும் பயிற்சி மருத்துவமனைகளில் ஏன் இல்லை என்று கேட்டு, 2007-இல் கிளினிக்கல் ஹியூமன் ஃபேக்டர்ஸ் குரூப் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

இந்தக் கதையை எங்கள் நர்ஸுகளிடம் சொன்னபோது அறையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊரில் ஒரு நர்ஸ் டாக்டரிடம் "இது சரியில்லை" என்று எத்தனை சுற்று சுற்றிச் சொல்வார் என்பது நமக்குத் தெரியாததா? "சார், சாச்சுரேஷன் கொஞ்சம் கம்மியா இருக்கற மாதிரி இருக்கு சார்." இந்த ஒரு வரியில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு தயக்கம். சாச்சுரேஷன் என்பது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவு. அறுபதில் இருக்கும் சாச்சுரேஷன் கொஞ்சம் கம்மி இல்லை.

அதனால் பயிற்சியில் இதை மூன்று படியாகப் பழக்கினோம். முதல் படியில் எண்ணை மட்டும் சொல்: "சார், சாச்சுரேஷன் எழுபது." பதில் இல்லையா, இரண்டாவது படி, கவலையைச் சொல்: "சார், எனக்கு பயமா இருக்கு, ட்யூப் போட ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு." அதற்கும் பதில் இல்லையா, என்ன செய்ய வேண்டும் என்று சொல்: "சார், நிறுத்துங்க. மாஸ்க் வெச்சு ஆம்பு பேக் அடிப்போம்." (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பைதான் ஆம்பு பேக்.) மூன்றாவது படியை முதல்முறை வாய்விட்டுச் சொல்லும்போது பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரைப் பார்த்து நிறுத்துங்க என்பதாவது! பொம்மையிடம் பழகாத வாக்கியம் நெருக்கடியில் வாயில் வராது. ஆகவே பயிற்சியில் டாக்டர் வேண்டுமென்றே இரண்டு தடவை காதில் வாங்காத மாதிரி இருப்பார், மூன்றாவது தடவை சொன்னால்தான் திரும்புவார்.

ஆனால் இது நர்ஸுகளுக்கு மட்டும் தைரியம் ஊட்டினால் நடக்கிற காரியம் இல்லை. ஒரு வெளிநாட்டுப் பயிற்சிக் கையேட்டைக் கொண்டுவந்து "பேசு, பேசு" என்று ஜூனியரைத் தள்ளிவிட்டு, அவர் பேசியதும் சீனியர் முறைத்தால் அந்தப் பொண்ணு அப்புறம் ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டாள். எங்களிடம் பலன் தந்தது டாக்டர் தரப்பில் செய்த மாற்றம். ஆம்புலன்ஸ் வருகிறது என்று போன் வந்ததும், ஆள் வந்து சேர்வதற்கு முன் கிடைக்கும் ஒரு நிமிடத்தில், டீமை நடத்தப்போகும் டாக்டர் எல்லாரையும் பார்த்து, "நான் எதையாவது விட்டுட்டா சத்தமா சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். கூடவே யார் மூச்சுப்பாதை, யார் வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்), யார் மருந்து, யார் எழுதுவது என்று பேர் சொல்லிப் பிரித்துவிட வேண்டும். மாதா மாதம் புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பேர் யாருக்கும் தெரியாது. அதற்காக மைக்ரோபோர் டேப்பில் பேரை எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறோம். பேர் தெரியாவிட்டால் "யாராவது அட்ரினலின் போடுங்கப்பா" என்று பொதுவாக ஒரு குரல் போகும். ஒன்று யாரும் போட மாட்டார்கள், இல்லையென்றால் இரண்டு பேர் போட்டுவிடுவார்கள். பேர் சொல்லிக் கேட்டால், கேட்டவர் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்வார், போட்டதும் "போட்டாச்சு" என்பார், எழுதுபவர் நேரம் குறிப்பார்.

பூச்சி மருந்து கேஸைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அதிகம் உதவிய பயிற்சி அதுதான். வெளிநாட்டுப் பாடங்களில் இது அவ்வளவாக இருக்காது.

பூச்சி மருந்துகளில் இருக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் விஷம் உடம்பில் ஏறினால் நுரையீரலில் சளியும் நீரும் பெருகி, நாடி குறைந்து, மூச்சு முட்டும். மாற்று மருந்து அட்ரோபின். கொடுக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: முதலில் 1.8 முதல் 3 மில்லிகிராம் வரை. ஐந்து நிமிடத்தில் பலன் போதவில்லை என்றால் முன்பு கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. அதற்கும் போதவில்லை என்றால் அதன் இரு மடங்கு. நெஞ்சில் கரகர சத்தம் நின்று, நாடி 80-க்கு மேலும் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80-க்கு மேலும் வரும்வரை இப்படியே. பரீட்சையில் இதை எழுதிவிடலாம். ஆனால் எங்களுக்கு வரும் அட்ரோபின் ஆம்பூல் ஒன்றில் இருப்பது 0.6 மில்லிகிராம். 3 மில்லிகிராமுக்கு 5 ஆம்பூல். அடுத்தது 10, அதற்கடுத்தது 20, அப்புறம் 40. நாலு தடவைக்குள் 75 ஆம்பூல், அதுவும் கால் மணி நேரத்துக்குள். ஒவ்வொன்றும் கண்ணாடி, ஒவ்வொன்றையும் கையால் உடைத்து உறிஞ்ச வேண்டும்.

இதை முதல்முறை பொம்மைமேல் செய்து பார்த்தபோது அறை சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருவர் உடைக்கிறார், இரண்டு பேர் ஏற்றுகிறார்கள், கிட்னி ட்ரேயில் காலி ஆம்பூல் குவிகிறது, விரலில் கண்ணாடி கீறி ஒருவர் கிளவுஸைக் கழற்றுகிறார். நடுவில் டாக்டர், "இதுவரைக்கும் எவ்வளவு போயிருக்கு?" என்று கேட்டார். மூன்று பேரிடமிருந்து மூன்று பதில். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் ஏற்றியதை அவரவர் சொன்னார்கள். அளவு தெரியாமல் மடங்கு போட முடியாது. குறைவாகப் போனால் ஆள் சளியிலேயே மூழ்குவார். அதிகமானால் காய்ச்சல், பிதற்றல், கையை காலை உதறுவது என்று வேறு சிக்கல்.

அன்று உட்கார்ந்து பேசியபோது வழி சொன்னது ஃபார்மசியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்தவர். "அஞ்சஞ்சா கவர்ல போட்டுக் கொடுத்துடட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டார். இப்போது அட்ரோபின் எங்கள் டிராலியில் ஜிப் கவரில், கவருக்கு 5 ஆம்பூலாக இருக்கிறது. ஒரு கவர் என்றால் 3 மில்லிகிராம். டாக்டர் "ரெண்டு கவர்" என்கிறார், அடுத்த தடவை "நாலு கவர்". காலியான கவரைக் குப்பையில் போடக்கூடாது, ட்ரேயில் வரிசையாக வைக்க வேண்டும். எவ்வளவு போயிற்று என்று கேட்டால் கவரை எண்ணினால் போதும். மனக்கணக்கே கிடையாது. சுவரில் ஒரு வெள்ளை போர்டு, அதில் நேரம், கவர், நாடி, அழுத்தம், நெஞ்சுச் சத்தம் என்று ஐந்து கட்டம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுப்பது எழுதுகிறவரின் வேலை. அவர் வேறு எதையும் தொடக்கூடாது. ஆம்பூல் உடைக்க ரப்பர் உறை ஒன்று வாங்கினோம். மொத்தச் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட இருக்காது.

பாம்புக்கடிக்கும் இதே வழிதான். விஷமுறிவு மருந்து பொடியாக வரும், பத்து குப்பி கரைக்க வேண்டும், வேகமாகக் குலுக்கினால் நுரைத்துவிடும், மெதுவாகச் சுழற்ற வேண்டும். அவசரத்தில் எல்லாரும் குலுக்குவார்கள். கரைப்பதற்கென்று இருவரைத் தனியாக உட்கார வைத்தோம். ஒவ்வாமை வந்தால் போட வேண்டிய அட்ரினலினை முன்பே ஏற்றி, பேர் எழுதி, தலைமாட்டில் வைத்துவிடுகிறோம்.

சி.பி.ஆரில் ஒரு சின்னக் கண்டுபிடிப்பு, ஸ்டூல். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். எங்கள் பொம்மையில் சரியான ஆழத்துக்குப் போனால் டக் என்று சத்தம் கேட்கும். உயரமான ஆட்கள் அழுத்தும்போது சத்தம் கேட்டது, குள்ளமான சிஸ்டர்கள் அழுத்தும்போது கேட்கவில்லை. பலம் போதவில்லை என்று அவர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. கட்டில் அவர்கள் மார்பளவுக்கு இருந்தது. முழங்கை மடங்கியபடி எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஆழம் போகாது. ஓ.பி.யில் சும்மா கிடந்த இரண்டு படி ஸ்டீல் ஸ்டூலைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தோம். அதே சிஸ்டர்கள், அதே கைகள், டக் டக் என்று கேட்டது.

108 ஆட்கள் ஒப்படைக்கும் நேரத்தையும் ஒழுங்கு செய்தோம். தமிழ்நாட்டில் 2008-இல் அந்தச் சேவை வந்ததிலிருந்து, வழியில் நடந்தது என்ன என்பது அந்த வண்டியில் வந்த டெக்னீஷியனுக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறக்கும்போதே நாங்கள் ஆளைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, சட்டையைக் கத்தரித்து, பி.பி. பட்டையைச் சுற்ற ஆரம்பித்திருப்போம். அவர் சொன்னது காற்றோடு போகும். பிறகு "எத்தனை மணிக்கு விழுந்தாரு? வழியில ஃபிட்ஸ் வந்துச்சா?" என்று கிளம்பிப் போன வண்டிக்குப் போன் அடிப்போம். பயிற்சிக்கு ஒரு 108 தம்பியையே வரச்சொல்லி, அவர் பேசும் அரை நிமிடம் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்பது என்று பழகினோம். நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பவரும் மூச்சு கொடுப்பவரும் மட்டும் விதிவிலக்கு. "அக்கா, இதுக்கு முன்னாடி நான் சொல்றத யாரும் முழுசாக் கேட்டதே இல்லை" என்று அந்தத் தம்பி சிரித்தார்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு, நடைமுறையில் கவனிக்க வேண்டிய சில விஷயங்களைக் கலந்துகட்டிச் சொல்லிவிடுகிறேன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வைத்தால் இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் இருப்பார்கள். பத்து நிமிடம் பயிற்சி, அதைவிடக் கூடுதல் நேரம் பேச்சு. நிஜ நோயாளி வந்தால் அந்த நொடியே பொம்மையைக் கீழே இறக்கிவிட வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. வெளியே காத்திருக்கும் நோயாளிகளின் வீட்டாருக்கு "உள்ளே பயிற்சி நடக்கிறது" என்று போர்டு வையுங்கள். ஒருமுறை போர்டு வைக்க மறந்துபோய், உள்ளே "சி.பி.ஆர். ஆரம்பி" என்ற சத்தத்தைக் கேட்டு, வெளியே இருந்த ஒரு குடும்பமே அழ ஆரம்பித்துவிட்டது. அவர்கள் ஆள் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி மருந்து நிஜ டிராலிக்குள் போய்விடாமல் பார்ப்பது மிக முக்கியம். தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சுக்கு அட்ரினலின் என்று லேபிள் ஒட்டியிருப்போம், அது அப்படியே டிராலியில் தங்கிவிட்டால் அடுத்த நோயாளிக்கு அதுதான் எமன். எங்கள் பயிற்சிச் சாமான் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் இருக்கும். முடிந்ததும் எண்ணிப் பெட்டியில் போட்டு, டிராலியை நிரப்பி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கலைவோம். வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் போடுவது கூடவே கூடாது. ஒருமுறை ஒருவர் சொதப்பியது குரூப்பில் சுற்றினால், அடுத்த பயிற்சிக்கு ஆளுக்கொரு லீவு லெட்டர் வரும்.

முடிந்தபின் பேசும் பேச்சில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் "என்ன நடந்தது" என்று மட்டும் கேட்போம், "ஏன் செஞ்சே" என்ற கேள்வி கிடையாது. டாக்டர் முதலில் பேசினால் மற்றவர்கள் ஆமாம் சாமி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் அவர் கடைசி. முதலில் எம்.என்.ஓ. (ஆண் நர்ஸிங் உதவியாளர்) அண்ணன், அப்புறம் டிரெயினிங் பெண்கள், பிறகு மூத்த சிஸ்டர்கள். சாயங்கால விசிட்டர் நேரத்தில் லிஃப்டில் கூட்டம் நிறைந்துவிடும், ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போக ரேம்ப்தான் வேகம் என்று எங்களுக்குச் சொன்னது எம்.என்.ஓ. அண்ணன்தான். டீமில் இருந்த டாக்டர்கள் ஒருவருக்கும் அது தெரியாது. ரேம்ப் வழியே ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் பார்த்தோம், ஒரு திருப்பத்தில் அடுக்கி வைத்திருந்த உடைந்த நாற்காலிகள் இடித்தன. மறுநாள் அவை போய்விட்டன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆள் பற்றாக்குறையைப் பொம்மை தீர்க்காது. மூன்று பேர் பார்க்க வேண்டிய அறையை ஒருவர் பார்க்கும் ராத்திரிகள் இன்னும் உண்டு. அந்த ராத்திரிகளில் நடப்பதற்கு ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்று பேர் வைத்து மேலிடம் கைகழுவிக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆள் போடாமல் பயிற்சி மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழகிய ஆட்கள் டிரான்ஸ்ஃபரில் போய்விடுகிறார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு அ, ஆ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சில மூத்த டாக்டர்கள் பொம்மை விளையாட்டு என்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

இப்போது பிரசவ வார்டு சிஸ்டர்கள் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு ஃபிட்ஸ் வந்தால் போடும் மெக்னீசியம் சல்பேட்டும் அட்ரோபின் மாதிரித்தான், ஆம்பூல் கணக்கு: ஒன்றில் ஒரு கிராம், முதல் தவணை நரம்பில் 4, இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து, ஆக 14 ஆம்பூல். நரம்பில் போடும் 4 கிராமுக்கு 8 எம்.எல். மருந்தோடு 12 எம்.எல். தண்ணீர் கலந்து 20 ஆக்க வேண்டும். ஃபிட்ஸ் வந்துகொண்டிருக்கும் பெண்ணின் பக்கத்தில் நின்று இந்தக் கணக்கைப் போடச் சொல்வது அநியாயம். மருந்து, கலக்கும் தண்ணீர், சிரிஞ்ச், ஊசி, முழங்கால் தட்டிப் பார்க்கும் சுத்தியல், மெக்னீசியம் அதிகமானால் போட வேண்டிய கால்சியம் குளுக்கோனேட், எல்லாவற்றையும் ஒரே டிபன் பாக்ஸில் வைத்து மூடிமேல் அளவை எழுதி ஒட்டலாம் என்று பேசியிருக்கிறோம். பாக்ஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் இழுபறி. மூத்த சிஸ்டர் பீரோவுக்குள் பூட்டி வைக்கலாம் என்கிறார், இளையவர்கள் கட்டில் தலைமாட்டில் மாட்டலாம் என்கிறார்கள். வியாழக்கிழமை இரண்டு இடத்திலும் வைத்து, பொம்மைக்கு ஃபிட்ஸ் வரவழைத்துப் பார்க்கப் போகிறோம்.